இசைத்தட்டும் பற்றும்

அமெரிக்க ஒலிப்பதிவுத் தொழில் கூட்டமைப்பின் 2022ஆம் ஆண்டுக் கணக்கின்படி, 1987க்குப் பிறகு முதன்முறையாக அந்நாட்டில் வினைல் இசைத்தட்டுகள் குறுந்தகடுகளைவிட அதிகமாக விற்றன. தட்டுகள் சுமார் 4 கோடியே 10 லட்சம், குறுந்தகடுகள் சுமார் 3 கோடியே 30 லட்சம். அதே ஆண்டில் அந்நாட்டு இசை வருவாயில் ஐந்தில் நான்கு பங்குக்கும் மேல் ஸ்ட்ரீமிங்கிலிருந்து, அதாவது பாடலை வைத்துக்கொள்ளாமல் வேண்டும்போது இணையத்தின் வழியே வரவழைத்துக் கேட்கும் முறையிலிருந்து, வந்தது. கேட்பதற்குத் தட்டு தேவையில்லை என்றான பின்னரும் தட்டைத் தேடி வாங்குவோர் இருப்பதைப் பழைய நினைவுகளின் மீதுள்ள ஏக்கம் என்று சொல்லி ஒதுக்கிவிடுவது எளிது. ஆனால் இந்தியத் தத்துவ மரபில் வைத்துப் பார்த்தால், இவ்வழக்கம் இரண்டு பழைய கேள்விகளை மீண்டும் எழுப்புகிறது: ஒலி என்பது உடைமையாக்கத் தக்க பொருள்தானா என்பது ஒன்று, அவ்வாறு உடைமையாக்கி அடுக்கி வைப்பது மனிதனைக் கட்டும் பற்றுகளில் ஒன்றா என்பது மற்றொன்று.

முதற் கேள்வியைப் பற்றி மீமாம்சகரும் நையாயிகரும் பல நூற்றாண்டுகள் வாதிட்டனர். வேதத்தின் பொருளை ஆராயும் மீமாம்சை, சொல்லொலி என்றும் உள்ளது, நித்தியமானது என்று கொண்டது. ஒருவர் ஒரு சொல்லை எட்டு முறை உச்சரித்தால் கேட்பவர் அச்சொல் எட்டு முறை உச்சரிக்கப்பட்டது என்கிறாரேயன்றி எட்டுச் சொற்கள் பிறந்தன என்று சொல்வதில்லை. முன்பு கேட்டது இதுவே என்று மீண்டும் அறிந்துகொள்ளும் இவ்வறிவைப் பிரத்தியபிஞ்ஞை என்று பெயரிட்டு, அதனையே தம் கோட்பாட்டுக்கு வலுவான சான்றாக அவர்கள் காட்டினர். நாவின் முயற்சியும் காற்றின் அசைவும் ஒலியைப் படைப்பதில்லை, முன்பே உள்ளதை வெளிப்படுத்துகின்றன என்பது இதன் முடிவு. தருக்கத்தை முதன்மையாகக் கொண்ட நியாய மரபோ, ஒலி ஆகாயத்தின் குணம், அது ஒரு காரணத்தால் தோன்றி அலைமேல் அலை எழுவதுபோல் தொடர்ந்து பரவி, அத்தொடரின் கடைசி ஒலி செவியை எட்டிய பின் அழிகிறது என்றது. தமிழ் வாசகருக்கு இவ்வழக்கு புதியதன்று. மணிமேகலையின் 29ஆம் காதையில் அறவண அடிகள் அளவை முறையைக் கற்பிக்கும்போது, நிறுவ எடுத்துக்கொண்ட கூற்றான பக்கத்துக்கும், அதற்குரிய காரணமான ஏதுவுக்கும், எடுத்துக்காட்டான திட்டாந்தத்துக்கும் அவர் பலமுறை ஆளும் வாய்பாடு, ஒலி நிலையற்றது, ஏனெனில் அது செய்யப்படுவது, குடத்தைப் போல என்பதேயாகும். காஞ்சியில் ஒரு பௌத்தத் துறவி தருக்கம் பயிற்றுவதற்கு எடுத்துக்கொண்ட உதாரணங்களில் ஒலியின் அழிவு மீண்டும் மீண்டும் வருவது தற்செயலானதன்று. வேதத்தின் நித்தியத்தை மறுத்த பௌத்தருக்கு அதுவே வழக்கின் மையமாக இருந்தது.

ஓர் எச்சரிக்கை இங்கே தேவைப்படுகிறது. மீமாம்சகர் நித்தியம் என்றது எழுத்தையும் சொல்லையுமேயன்றி முழவின் ஓசையையோ பாடகரின் குரலையோ அன்று. வெளிப்படுத்தும் கருவியான துவனி, அதாவது செவியில் படும் ஓசை, நிலையற்றது என்பதில் அவர்களுக்கும் மறுப்பில்லை. ஆகவே அவ்வழக்கை இசைப்பதிவுக்கு நீட்டுவது அவர்கள் செய்ததன்று, இக்கட்டுரை செய்வது. எனினும் நீட்டிப் பார்த்தால் ஒரு செய்தி தெளிவாகிறது. ராகமும் கீர்த்தனையும் மீமாம்சகரின் சொல்லைப் போன்றவை, யார் பாடினாலும் இதுவே அது என்று அறியத்தக்கவை. அவற்றை ஒருவரும் உடைமையாக்க முடியாது, பாடத் தெரிந்த அனைவரிடமும் அவை குறைவின்றி இருக்கின்றன. ஒரு குறிப்பிட்ட பிற்பகலில் ஒரு குறிப்பிட்ட மிடற்றிலிருந்து எழுந்த ஒலியோ நையாயிகரின் ஒலி. அது எழுந்தது, அழிந்தது. சேகரிப்பவர் நாடுவது முன்னதை அன்று, பின்னதை. அழிந்துபோன ஒன்றின் தடத்தையே அவர் வாங்குகிறார்.

அத்தடம் என்பது என்ன என்பதை ஐரோப்பாவும் தன் வழியில் எண்ணிப் பார்த்திருக்கிறது. கணிப்பொறியின் முன்னோடி எனப்படும் சார்லஸ் பாபேஜ், இறைவனின் படைப்பைப் பற்றி 1837இல் எழுதிய நூலில், பேசப்பட்ட எந்தச் சொல்லும் முற்றிலும் அழிவதில்லை, காற்றின் துகள்களில் அதன் அசைவு என்றென்றும் பதிந்திருக்கிறது, எனவே காற்றே ஒரு பெரும் நூலகம் என்று வாதிட்டார். அந்நூலகத்தைப் படிக்க எல்லையற்ற அறிவு வேண்டும் என்பதால் அது கடவுளுக்கே உரியதாயிற்று. 40 ஆண்டுகள் கழித்து, 1877இல், தாமஸ் எடிசன் தகரத்தாள் சுற்றிய உருளையில் மனிதக் குரலைப் பதித்து மீட்டுக் கேட்டபோது, அந்நூலகத்தின் மிகச் சிறிய ஒரு பகுதி மனிதர் கைக்கு வந்தது. அதற்கு விலையும் இருந்தது: காற்றில் பாபேஜ் கண்டது எங்கும் பரந்தது, தேயாதது; உருளையிலும் பின்னர் எமில் பெர்லினரின் தட்டிலும் பதிந்ததோ ஓரிடத்தில் இருந்தது, தேய்ந்தது, உடைந்தது.

இந்தியாவில் இதன் வரலாறு 1902 நவம்பரில் தொடங்குகிறது. லண்டன் கிராமபோன் கம்பெனிக்காகக் கல்கத்தாவுக்கு வந்த பிரெட் கைஸ்பெர்க் அங்கு பாடகி கௌஹர் ஜானின் பாடல்களைப் பதிவு செய்தார். அக்கலைஞர் பாட்டின் முடிவில் தம் பெயரை ஆங்கிலத்தில் உரக்கச் சொல்வது அத்தட்டுகளில் இன்றும் கேட்கிறது. தொடக்கத்தில் தட்டுகள் ஜெர்மனியின் ஹனோவரில் அச்சாகி வந்தன. 1908இல் கல்கத்தாவின் சியால்தாவில் ஆலை அமைந்தது. பத்தங்குலத் தட்டின் ஒரு பக்கத்தில் சுமார் மூன்று நிமிடமே அடங்கியதால், மணிக்கணக்கில் விரியும் ராகம் அதற்குள் சுருங்க வேண்டியிருந்தது. எஃகு ஊசியை ஒவ்வொரு பக்கத்துக்கும் மாற்ற வேண்டும், மாற்றினாலும் ஒவ்வொரு முறை ஓடும்போதும் ஊசி பள்ளத்தைச் சிறிது அரைத்தே செல்லும். அதாவது கேட்பதே தட்டை அழிக்கும் செயலாக இருந்தது.

நாடக மேடையில் பாடிப் புகழ்பெற்ற எஸ். ஜி. கிட்டப்பா 1933 டிசம்பரில் 27 வயதில் மறைந்தார். தமிழின் முதல் பேசும்படமான காளிதாஸ் 1931இலேயே வந்துவிட்டபோதும் அவர் திரைப்படத்தில் நடிக்கவில்லை. எனவே மேடையை உலுக்கியதாகச் சொல்லப்படும் அக்குரல் இன்று எட்டுவது தட்டுகளின் வழியாக மட்டுமே. அத்தட்டுகளைக் காத்தவர்கள் பெரும்பாலும் அரசும் அல்லர், நிறுவனமும் அல்லர். வீட்டில் வைத்திருந்த தனிமனிதர்கள். ஒலி அழியும் என்னும் கோட்பாட்டை எந்த நூலிலும் படிக்காமலே அவர்கள் அதை ஏற்றிருந்தனர் என்றே சொல்ல வேண்டும், அழியாததை யாரும் பொத்திப் பாதுகாப்பதில்லை.

இதற்கு மாறாக, ஸ்ட்ரீமிங் கேட்பவரிடம் ஒரு நித்தியவாதத்தை வளர்க்கிறது. பாடல் எங்கோ எப்போதும் உள்ளது, தொட்டால் வெளிப்படுகிறது, தொடாதபோதும் அழிவதில்லை என்னும் உணர்வு மீமாம்சகரின் கோட்பாட்டைப் பெரிதும் ஒத்தது. ஆனால் மீமாம்சகரின் ஒலி யாருடைய அனுமதியையும் சார்ந்ததன்று. ஸ்ட்ரீமிங் பாடலின் நித்தியமோ உரிம ஒப்பந்தத்தின் காலம் வரையிலானது. 2019 பிப்ரவரியில் இந்தியாவுக்கு வந்த ஸ்பாட்டிஃபை, பழைய எச்.எம்.வி. பதிவுகளின் உரிமையைக் கொண்ட சரிகம நிறுவனம் டெல்லி உயர் நீதிமன்றத்தை நாடியதால் அந்நிறுவனத்தின் பாடல்களைச் சில வாரங்களிலேயே நீக்க நேர்ந்தது. 2020இல் ஒப்பந்தம் ஏற்பட்ட பின்னரே அவை திரும்பின. யார் செய்தது சரி என்பது இங்கே பொருட்டன்று. ஒரு தலைமுறையின் திரைப்பாடல்கள் ஒரு சேவையில் ஓராண்டுக் காலம் இல்லாமல் இருந்ததும், அதே பாடல்கள் பெட்டியில் தட்டாகவோ கேசட்டாகவோ வைத்திருந்தவருக்கு அச்செய்தியே எட்டாமல் போயிருக்கக் கூடியதும் கருதத்தக்கவை.

இனி இரண்டாம் கேள்வி. பொருளின்றிக் கேட்பது துறவுக்கு நெருக்கமானது, அலமாரி நிறைய அடுக்குவது பற்றுக்கு நெருக்கமானது என்று மேலோட்டமாகத் தோன்றும். உடைமையைப் பற்றி வேறெந்தச் சமயத்தையும்விட நுணுக்கமாக எண்ணிய சமணம் இதை அவ்வளவு எளிதில் ஒப்பாது. உமாசுவாதியின் தத்துவார்த்த சூத்திரம் பரிக்கிரகம் என்னும் உடைமையை, வைத்திருக்கும் பொருளால் வரையறுக்காமல் பொருளின் மீது எழும் மயக்கத்தால் வரையறுக்கிறது. பின்வந்த திகம்பர ஆசிரியர்கள் நிலம், வீடு, பொன் முதலிய புற உடைமைகளைப் பத்தாகவும், வெகுளி, செருக்கு, வஞ்சம், பேராசை, விருப்பு, வெறுப்பு போன்ற அக உடைமைகளைப் பதினான்காகவும் எண்ணினர். அகத்தின் பட்டியலே நீளமானது என்பது அவர்கள் எதை அஞ்சினர் என்பதைக் காட்டும். இவ்வளவையால் அளந்தால் ஸ்ட்ரீமிங் கழற்றுவது புற உடைமையை மட்டுமே. ஒரு பாடல் முடியும் முன்பே அடுத்ததற்குத் தாவும் மனத்தின் விருப்பும் வெறுப்பும் அங்கே குறைவதில்லை. குறையாததோடு, கோடிக்கணக்கான பாடல்கள் ஒரே கட்டணத்தில் கிடைப்பதால் அவற்றுக்கு வரம்பும் இல்லாமற் போகிறது.

வரம்பு என்பது இங்கே முக்கியமானது. முழுத் துறவைச் சமணம் முனிவருக்கே விதித்தது. இல்லறத்தார்க்கு, அருங்கலச்செப்பு போன்ற தமிழ் நூல்களும் கூறுவதுபோல், உடைமைக்கு ஓர் அளவை உறுதி செய்துகொண்டு அதற்குள் வாழும் அணுவிரதம், அதாவது சிறு நோன்பு, போதும் என்றது. இத்தனை தட்டுகளுக்கே இடமுண்டு, ஒன்று வந்தால் ஒன்றைப் பிறருக்குக் கொடுக்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளும் சேகரிப்பாளர் அந்நோன்பின் உருவத்தை அறியாமலே பின்பற்றுகிறார். (சமண வாழ்வியலுக்குத் தட்டு ஒருபோதும் முற்றிலும் குற்றமற்ற பொருளாக இருந்ததில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். வினைல் பரவும் வரை தட்டுக்கு மூலப்பொருளான அரக்கு, பூச்சிகள் மரக்கிளையில் சுரப்பது. அதனை எடுக்கையில் எண்ணற்ற உயிர்கள் மாய்வதால், இல்லறத்தார்க்குச் சுவேதாம்பர நூல்கள் விலக்கிய பதினைந்து தொழில்களில் அரக்கு வாணிபமும் ஒன்றாக இடம்பெற்றுள்ளது.)

இதனால் சேகரிப்பாளர் எல்லாரும் விடுவிக்கப்பட்டுவிடுவதில்லை. உறை பிரிக்காமல் வைத்திருந்து விலை ஏறும்போது விற்பவருக்கும், ஒரே தொகுப்பின் நான்கு நிறப் பதிப்புகளையும் வாங்கி ஒன்றையும் ஓட்டாதவருக்கும் தட்டு வெறும் பொன்னாகிவிடுகிறது. 2023இல் வெளியான ஒரு சந்தை ஆய்வு, அமெரிக்காவில் வினைல் வாங்கியோரில் ஏறத்தாழப் பாதிப்பேரிடம் அதை ஓட்டும் கருவியே இல்லை என்றது. ஒலிக்காத தட்டை வைத்திருப்பது தவறு என்று சொல்ல முடியாது, உறையின் ஓவியத்துக்காக வாங்குவோரும் உண்டு. ஆனால் அதை இசையின் மீதான அன்பு என்று அழைப்பதற்கு இடமில்லை. உமாசுவாதியின் வரையறை முழுமையாகப் பொருந்துவது இங்கேதான்.

உடைமையை இவ்வளவு கடுமையாக மறுத்த சமணமே இந்தியாவின் மிகப் பெரிய சுவடிச் சேமிப்புகள் சிலவற்றை உருவாக்கியது என்பது முரணாகத் தோன்றலாம். ஜெய்சல்மேரிலும் பாட்டணிலும் உள்ள ஞான பண்டாரங்கள், அதாவது கோயிலைச் சார்ந்த சுவடிச்சாலைகள், பல நூற்றாண்டுகளின் ஏடுகளைக் காத்தன. சமண நூல்களோடு பிற சமயத்தாரின் நூல்களும் அவற்றில் இருந்தன. முரணைத் தீர்ப்பது சாத்திர தானம் என்னும் கருத்து: நூலைப் படியெடுத்து வழங்குவது உணவும் மருந்தும் வழங்குவதற்கு ஒப்பான கொடை. பத்தாம் நூற்றாண்டில் அத்திமப்பே என்னும் பெருமாட்டி, பொன்னர் இயற்றிய சாந்திபுராணத்தை ஆயிரம் படிகள் எழுதுவித்து வழங்கியதாகக் கன்னட மரபு போற்றுகிறது. சேர்த்தவர் தமக்கென்று வைத்துக்கொள்ளாதபோது சேர்த்தல் பற்றாவதில்லை. தமிழ்நாட்டில் இதற்கு அண்மைச் சான்று கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார். ஒரு தனிமனிதர் வாழ்நாளெல்லாம் திரட்டிய நூல்களும் இதழ்களும் 1992இல் அவர் மறைந்த பின் சிகாகோ பல்கலைக்கழகத்தால் வாங்கப்பட்டு, 1994 முதல் சென்னையிலேயே ஓர் ஆராய்ச்சி நூலகமாக இயங்கி வருகின்றன. திரட்டிய காலத்தில் அது பித்து என்று பலருக்குத் தோன்றியிருக்கக்கூடும்; அப்பித்து இல்லாமல் அந்நூலகம் இல்லை.

இவ்வாறு சேர்த்ததைப் பொதுவாக்குவதற்குச் சட்டமும் இடம் தருகிறது. இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின்படி ஒலிப்பதிவின் உரிமை அது வெளியாகி 60 ஆண்டுகளில் முடிகிறது. பாட்டின் சொல்லுக்கும் இசையமைப்புக்கும் அவற்றை ஆக்கியவரின் வாழ்நாளோடு மேலும் 60 ஆண்டுகள் தனியே உரிமை உண்டு. 1930களின் தட்டுகளில் உள்ள பதிவுகள் இவ்வாறு எப்போதோ பொதுவுடைமை ஆகிவிட்டன. ஆனால் பொதுவானது உரிமைதான். ஒலி இன்னும் தட்டில்தான் இருக்கிறது, தட்டு யாரோ ஒருவர் வீட்டில் இருக்கிறது. பரணில் அத்தகைய தட்டுகளை உடையவர்கள் அவற்றைப் பழைய சாமான் கடைக்குப் போடும் முன், படியெடுத்துக் காக்கக்கூடிய ஒரு காப்பகத்திடமோ பொறுப்பான சேகரிப்பாளரிடமோ காட்ட வேண்டும். அதுவரை அவற்றைக் கிடையாக அடுக்காமல் நிறுத்தி வைப்பதும், வெயில் படாமல் பார்த்துக்கொள்வதும் போதும். ஆல்கஹால் கலந்த எந்தத் திரவத்தாலும் துடைக்கக் கூடாது, அரக்கு அதில் கரைந்துவிடும்.