நிலம் நடுங்கியபோது நிலைத்தது எது?



ஆலயத்துள் நுழைந்ததும் கொடிமரத்தின் முன்னே வீழ்ந்து வணங்குகின்றோம். உடல் மண்ணிலே படியக் கிடக்கும் அவ்வேளையில், இந்த நிலம் அசையக்கூடும் என்ற எண்ணம் நமக்கு வருவதில்லை. ஐம்பூதங்களுள் நிலத்தின் வடிவாக இறைவனைக் காஞ்சி ஏகாம்பரத்திலே வழிபடுகின்றோம். தன்னைத் தோண்டுபவனையும் சுமப்பதால் நிலத்தையே பொறுமைக்கு உவமையாகச் சொல்கின்றோம். அத்தகைய நிலமே காலை விட்டு விலகினால் மனிதன் எதைப் பற்றிக்கொள்வான்? அதனைச் சற்றுச் சிந்திப்போம்.

இமயச் சாரலிலே உள்ள நேபாளம் நமக்கு அந்நியமான நாடன்று. திருமூல நாயனார் கயிலையிலிருந்து தெற்கு நோக்கி வரும் வழியிலே நேபாளத்துப் பசுபதிநாதரை வழிபட்டார் என்று பெரியபுராணம் கூறுகின்றது. அந்த நாட்டிலே 2015 ஆம் ஆண்டு ஏப்ரல் 25 ஆம் திகதி, சனிக்கிழமை, முற்பகல் 11.56 மணிக்குப் பூமி அதிர்ந்தது. அதன் அளவு 7.8. மையம் கோர்க்கா மாவட்டம்.

பூமியதிர்ச்சியிலே முதலில் வருவது ஒரு சிறு துடிப்பு. அலுமாரியிலே பாத்திரங்கள் கலகலக்கும். பாரமான வாகனம் ஏதோ வீதியாற் போகின்றது என்று மனம் தன்னைத் தேற்றிக்கொள்ளும். அடுத்த கணம் நிலத்தின் அடியிலிருந்து உறுமல் எழும். நிலம் பக்கவாட்டிலே இழுபடும். எழுந்து ஓட நினைப்பவனைக் கால் தாங்காது. காத்மண்டுப் பள்ளத்தாக்கு முற்காலத்தில் ஏரியாக இருந்த இடம். அதன் மென்மையான வண்டல், அதிர்வைப் பெருக்கி மெதுவான பேரசைவாக மாற்றியது. அலைகடலிலே வள்ளத்தில் எழுந்து நிற்பவனின் நிலையை எண்ணிப் பாருங்கள். ஏறத்தாழ ஒரு நிமிடந்தான். ஆனால் சுவரைப் பிடித்தால் சுவரும் ஆடும். மரத்தைப் பிடித்தால் மரமும் ஆடும் என்ற அந்த நிலையிலே, ஒரு நிமிடம் ஓர் ஊழிக்காலமாகின்றது. படித்த படிப்பும் சேர்த்த பொருளும் அப்போது நினைவுக்கு வருவதில்லை. தாய் பிள்ளையின் பெயரைச் சொல்லி அலறுகின்றாள். பிள்ளை தாயைத் தேடுகின்றது. நாத்திகனும் ஏதோ ஒரு பெயரைச் சொல்லி அழைக்கின்றான்.

அசைவு நின்ற பின்னரும் அச்சம் நிற்பதில்லை. பின்னதிர்வுகள் நூற்றுக்கணக்கில் வந்தன. மே 12 ஆம் திகதி 7.3 அளவிலே மீண்டும் ஒரு பேரதிர்ச்சி வந்தது. வீடு நின்றவர்களும் வீட்டுக்குள் படுக்க அஞ்சி, வெளியிலே தறப்பாளின் கீழ் இரவுகளைக் கழித்தனர். இத்தகைய அதிர்ச்சியை அனுபவித்தவர்களுக்கு நிலம் அசையாத வேளையிலும் அசைவது போன்ற உணர்வு நாட்கணக்காக இருக்கும். போத்தலிலே உள்ள தண்ணீர் ஆடுகின்றதா என்று பார்த்துப் பார்த்துத்தான் மனம் ஆறும். வீட்டைத் திரும்பக் கட்டிவிடலாம். மண்ணின்மீது இருந்த நம்பிக்கையைத் திரும்பக் கட்டுவது அத்தனை எளிதன்று. 2004 மார்கழி 26 இலே சுமாத்திராவுக்கு அருகே கடலடியில் அதிர்ந்த நிலம், நம் கரைகளுக்குக் கடலாக வந்தது. அதன் பின் கடலோரத்து மக்கள் பலநாள் கடலைப் பார்த்த பார்வையை அறிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

நேபாளத்திலே ஏறத்தாழ 9,000 பேர் மாண்டனர். பாக்மதி நதிக்கரையிலே, பசுபதிநாதர் சந்நிதிக்கு அருகில், சிதைகள் ஓயாது எரிந்தன. அந்த மூலாலயம் பெருஞ்சேதமின்றி நின்றது. இறைவன் தன் இல்லத்தைக் காத்துக்கொண்டான் என்று மகிழத் தோன்றும். ஆனால் அதே பள்ளத்தாக்கிலே வேறு பல கோயில்கள் மண்ணோடு மண்ணாயின. சனிக்கிழமை அங்கே விடுமுறை நாள். ஆகையால் இடிந்த பாடசாலைகளிலே பிள்ளைகள் இருக்கவில்லை. இதனைத் திருவருள் என்கின்றோம். அதே நேரத்திலே, காத்மண்டு நகருக்குப் பெயர் தந்த பழைய மரமண்டபமாகிய காஷ்டமண்டபத்திலே இரத்ததானம் நடந்துகொண்டிருந்தது. மண்டபம் சரிந்தது. பிறர் உயிர் வாழத் தம் குருதியைக் கொடுக்க வந்தவர்கள் அங்கே மாண்டனர். இதனை என்னவென்று சொல்வது?

"அவரவர் வினை" என்று ஒரு சொல்லிலே முடித்துவிடுவோர் உண்டு. அன்பர்களே, வினைக் கொள்கை ஒருவன் தன்னைத் தானே திருத்திக்கொள்வதற்காகச் சொல்லப்பட்டது. பிறர் துன்பத்தை அளக்கும் கோலாக அதை எடுக்கலாகாது. இடிபாட்டின் கீழ் கிடப்பவனிடம் வினையைப் பேசுவது சைவமன்று. இந்தியப் பாறைத்தட்டு ஆண்டுதோறும் சில சென்ரிமீற்றர் வடக்கே நகர்ந்து ஆசியத் தட்டின் கீழே அழுந்துகின்றது. அந்த அழுத்தமே இமயத்தை எழுப்பியது. நாம் கைதொழும் கயிலை உயர்ந்ததும் அதனாலேயே. அங்கே நிலம் நடுங்குவதும் அதனாலேயே. ஆக்கமும் அழிவும் ஒரே கூத்தின் இரு அசைவுகள் என்று நடராசர் திருவுருவம் நமக்குக் காட்டுகின்றது. அது தண்டனையன்று.

அப்பர் சுவாமிகள் ஒரு திருவிருத்தத்திலே, விண்ணும் மண்ணும் மலையும் நிலை கலங்கினாலும் நஞ்சுண்ட பெருமானுக்கு ஆளானவர்க்கு என்ன என்று கேட்கின்றார். அடியார்களுக்கு வீடு இடியாது என்றோ உயிர் போகாது என்றோ அவர் சொல்லவில்லை. எல்லாம் அசையும்போதும் அசையாத ஒன்றைப் பற்றிக்கொண்டவர்கள் அவர்கள் என்பதே பொருள். அந்தப் பற்றை வெளியிலே காண்பது எப்படி? வெறுங்கையாலே கல்லைப் புரட்டி அயலவனைத் தேடிய கைகளிலே காணலாம். தறப்பாளின் கீழே உள்ள அரிசியைப் போட்டு எல்லோருக்குமாகப் பொங்கிய அடுப்பிலே காணலாம். நஞ்சை உண்டு பிறரைக் காத்தவனுக்கு ஆளாதல் என்பது அதுதான்.

இன்னுமொரு செய்தி. இடிந்த காஷ்டமண்டபத்தின் அடியை ஆய்வாளர்கள் அகழ்ந்து பார்த்தார்கள். ஆயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட அத்திவாரம் உறுதியாகவே இருந்தது. பிற்காலத் திருத்த வேலையின்போது, மண்டபத்தைத் தாங்கிய பெருந்தூண்களுள் ஒன்று அதன் ஆதாரக் கல்லோடு மீளப் பொருத்தப்படாமல் விடப்பட்டிருந்தது. அந்தக் குறை தளத்தின் கீழே மறைந்து கிடந்தது. 2022 இலே மண்டபம் மீண்டும் எழுந்துவிட்டது. நாம் கற்கவேண்டியது எஞ்சியிருக்கின்றது.

நம் முன்னோர் இட்ட அத்திவாரம் பழுதானதன்று. அதனோடு நாம் பொருந்தி நிற்கின்றோமா? அயல்வீட்டோடு பேச்சில்லாமல், உடன்பிறந்தவனோடு வேலிக்காக வழக்காடிக்கொண்டு, திருவிழாவிலே மட்டும் ஒரே வடத்தைப் பிடிக்கின்றோமா? மேலே பூசிய வர்ணம் ஒரு குறையையும் காட்டாது. நிலம் அசையும் நாளிலேதான் அது தெரியவரும். அந்த நாள் நோயாகவோ, வறுமையாகவோ, மரணமாகவோ எந்த வீட்டுக்கும் வரலாம். அதற்கு முன்னரே, இவ்வாண்டுத் திருவிழாவிலே, முறிந்த ஓர் உறவையேனும் பொருத்திக்கொள்வோமாக. அசையாத திருவடி நம்மைத் தாங்குவதாக.

திருச்சிற்றம்பலம்.