எந்தத் தெருவில் நிற்கட்டும்?

 

மதீனாவில் ஒரு பெண்மணி இருந்தார். அவருடைய அறிவில் சிறிது கோளாறு உண்டு. அவர் ஒரு நாள் நாயகம் (ஸல்) அவர்களிடம் வந்து, தமக்கு ஒரு காரியம் ஆகவேண்டும் என்றார். பிறகு வரச் சொன்னார்களா? யாரையாவது துணைக்கு அழைத்துவரச் சொன்னார்களா? இல்லை. எந்தத் தெரு உமக்கு வசதியோ அதைச் சொல்லும், அங்கே வருகிறோம் என்ற கருத்தில் பதில் கூறினார்கள். அவ்வண்ணமே ஒரு வழியோரத்தில் அவரோடு நின்று, அவருடைய காரியம் முடியும்வரை கேட்டார்கள். அனஸ் (ரலி) அவர்கள் அறிவித்து ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியிருக்கும் சம்பவம் இது.

இடத்தைத் தெரிந்தெடுக்கும் உரிமையை அந்தப் பெண்ணிடமே விட்டார்களே, அதைக் கவனியுங்கள். மதரஸாவில் கேட்ட நாளில் நமக்கு அது விளங்கவில்லை. சென்ற ஆண்டு ஒரு கிளினிக்கில் விளங்கிற்று.

நமக்குக் காய்ச்சல். முன்னால் முப்பது பேர். எதிரே ஓர் உம்மா, பத்து வயதுப் பையனோடு. பையன் காதைப் பொத்திக்கொண்டு கத்துகிறான். சுவரில் தலையை மோதுகிறான். "பிள்ளையை வெளியே கொண்டு போங்கம்மா" என்று சொன்னவர்களில் நாமும் ஒருவர். மறைப்பானேன்? அவர் டாக்டரைப் பாராமலே போய்விட்டார். பையனுக்கு ஆட்டிசம் என்பதும், காதுக்குள் சீழ் வைத்து நாலு இரவு அவன் தூங்கவில்லை என்பதும் பிறகே தெரிந்தது. அல்லாஹ் நம்மை மன்னிப்பானாக.

ஆட்டிசம் பைத்தியமல்ல, ஜின் கோளாறுமல்ல. தாயத்துக் கட்டினால் போவதுமல்ல. மூளை வேறு விதமாய் வளர்ந்து அமைந்திருப்பது. அமெரிக்காவில் லியோ கன்னர் என்னும் டாக்டர் 1943-ல் 11 பிள்ளைகளைப் பற்றி எழுதிய பிறகே அது பரவலாகத் தெரியவந்தது. ஆட்டிசத்தைப் போக்க மருந்து தேடி அலைய வேண்டியதில்லை. ஆனால் அந்தப் பிள்ளைக்கும் பல் வலிக்கும், வயிறு கடுக்கும். வாயால் சொல்லத் தெரியாத பிள்ளை தலையை மோதிக் காட்டும். 'அதன் சுபாவமே அப்படித்தான்' என்று விட்டுவிட்டால் நோய் உள்ளேயே முற்றும். மேலும், நாம் கவனிக்காத குழல் விளக்கின் ரீங்காரமும் மருந்து நெடியும் இவர்களில் பலருக்குத் தாங்கமுடியாத வேதனை.

நமது மலேசியாவில் ஊனமுற்றோருக்கென 2008-ல் சட்டம் இயற்றப்பட்டது. சமூக நல இலாகாவில் பதிந்து ஓ.கே.யு. அட்டை பெற்றவர்களுக்கு அரசாங்க ஆஸ்பத்திரியில் கட்டணச் சலுகை உண்டு. அட்டை எடுத்தால் அக்காளுக்கு மாப்பிள்ளை வராது என்று சும்மா இருக்கும் குடும்பங்களை நாம் அறிவோம். மாப்பிள்ளை வீட்டாரிடம் பையனை மறைக்கலாம். பையனிடம் காதுவலியை மறைக்க முடியுமா?

கிளினிக்குக்கு முன்கூட்டியே டெலிபோன் செய்து, கூட்டமில்லாத காலை முதல் நேரத்தைக் கேட்கலாம். டாக்டர், ஊசி, நாற்காலி இவற்றின் படங்களை வீட்டிலேயே காட்டிப் பழக்கலாம். பெயர் கூப்பிடும்வரை வெளியே காத்திருக்க அனுமதி கேட்கலாம். இவை பெற்றோர் செய்வது. வரிசையில் உட்கார்ந்திருக்கும் நாம் நமது நம்பரைக் கொடுக்கலாமே! பிள்ளையின் அழுகுரல் கேட்டு, தாயின் மனம் பதறுமே என்று நாயகம் (ஸல்) அவர்கள் தொழுகையையே சுருக்கினார்கள். ஒரு நம்பர் சீட்டு எம்மாத்திரம்?

அந்த உம்மாவைத் தேடிப்போய் மன்னிப்புக் கேட்டோம். பையன் நம்மை ஏறெடுத்தும் பார்க்கவில்லை, காது ஆறிவிட்டது. இப்போது அட்டைக்கு மனு எழுதியிருக்கிறார்கள். டாக்டரின் கையெழுத்துக்கு அடுத்த வாரம் போகவேண்டும். இன்ஷா அல்லாஹ், நாமும் கூடப் போகிறோம்.

வஸ்ஸலாம்.