கழித்ததும் கணக்கில் சேரும்

நம் சூலக்கரைக்குப் பெயரில் கரை உண்டு, கடல் இல்லை. ஆகவே ஆகஸ்டு 5-ஆம் தேதி பனிமய மாதா திருவிழாவுக்குத் தூத்துக்குடி செல்லும் குடும்பங்கள் கடற்கரையைக் காணாமல் திரும்புவதில்லை. பிள்ளைகள் மணலைத் தோண்டி மட்டியும் நத்தையும் சேர்த்து மகிழ்கின்றனர். இதில் குற்றமென்ன என்பீர்கள். விளையாட்டில் குற்றமில்லை, ஆனால் விளையாட்டுக்கும் ஒரு நீதி உண்டு.

அமெரிக்காவின் மேற்குக் கரையில் வாஷிங்டன் என்றொரு மாநிலம். சவரக்கத்தி போல் நீண்ட ஓடுடைய ஒருவகை மட்டி அங்கே மணலுக்குள் வாழ்கிறது. கடல் நன்றாக வற்றும் வேளையில் மக்கள் குடும்பத்தோடு வந்து, மணலில் தெரியும் சிறு குழியை அடையாளங்கண்டு தோண்டுவர். மட்டியில் நஞ்சில்லை என்று சோதித்த பின்னரே அரசு அனுமதி தரும். ஒருவருக்கு ஒரு நாளைக்கு வழக்கமான அளவு 15. முதலில் அகப்படும் 15 மட்டிகளே அவர் பங்கு. சிறியதோ, மண்வெட்டி பட்டு உடைந்ததோ, அதை எறிந்துவிட்டுப் பெரியதைத் தேடக் கூடாது. ஏனெனில் அதன் ஓடு மிக மெல்லியது. திரும்பப் போட்டாலும் பெரும்பாலும் பிழைக்காது.

தூத்துக்குடிச் சங்கு குளித்தலிலோ விதி நேர்மாறு. அரசே அத்தொழிலை நடத்திய நாட்களில், குறித்த அளவுக்குச் சிறிய சங்கை உயிரோடு கடலில் விட்டுவிட வேண்டும். தடித்த ஓடுடைய சங்கு பிழைத்து வளரும்.

ஓரிடத்தில் "திருப்பி விடாதே". மற்றோரிடத்தில் "திருப்பி விடு". இது முரண்பாடா? அல்லவே! இரண்டும் கேட்பது ஒரே கேள்வி: உன் கை பட்டபின் அந்த உயிர் என்னவாகும்?

வீட்டுக்குக் கொண்டுவந்ததை மட்டுமே நாம் "எடுத்தது" என்று எண்ணுகிறோம். கெடுத்துவிட்டு வைத்துவந்ததைக் கணக்கில் சேர்ப்பதில்லை. விருந்தில் கேட்டு வாங்கி இலையோடு எறிந்த சோறும் நாம் எடுத்ததே. சந்தையில் நாம் அமுக்கி நசுக்கிய தக்காளியை விட்டுவிட்டு நல்லதைப் பொறுக்கினால், அது வியாபாரியின் நஷ்டமா, நம் கடனா?

அன்பான பெற்றோரே! உயிருள்ளதைப் பார்த்து மகிழ்ந்து, இருந்த இடத்திலேயே விடப் பிள்ளைகளைப் பழக்குங்கள். வெற்று ஓடு என்று எடுப்பதிலும் துறவி நண்டு குடியிருக்கக்கூடும், திருப்பிப் பாருங்கள். மன்னார் வளைகுடாத் தீவுகள் 1986 முதல் தேசியப் பூங்கா; அங்கிருந்து எதையும் எடுக்கலாகாது. பையில் போட்ட நத்தை சாத்தூர் வருமுன் நாற்றமெடுக்கும். சன்னல் வழியே எறிந்துவிட்டால் பை காலியாகும், கணக்குத் தீருமா?