யாருக்குக் கழிவு?

தி.நகரிலோ அடையாறிலோ பெரிய மருந்துக்கடை எதற்குள் போனாலும் 'ப்ரீபயாடிக்' என்று அச்சிட்ட டப்பா ஒன்றாவது கண்ணில் படுகிறது. நமக்குச் செரிக்காமல் பெருங்குடல்வரை போய், அங்கிருக்கும் நல்ல பாக்டீரியாக்களுக்குச் சாப்பாடாகும் பொருளுக்கு 1995இல் கிப்ஸன், ராபர்ஃப்ராய்ட் என்ற இருவர் வைத்த பெயர் அது. இந்த நாரை வைக்கோலிலிருந்தும் எடுக்கலாம், மணி உதிர்த்த மக்காச்சோளக் கதிரிலிருந்தும் எடுக்கலாம். அதைப் பற்றிப் பேசும்போதெல்லாம் முதலில் வந்து விழுகிற சொல் 'வேளாண் கழிவு'. எனக்கு உறுத்துவது அந்தச் சொல்தான்.

முதலில் வேலை எப்படி நடக்கிறது என்று பார்த்துவிடலாம். வைக்கோலில் செல்லுலோஸ், லிக்னின் ஆகியவற்றோடு ஸைலான் என்று ஒன்று இருக்கிறது. ஸைலோஸ் என்ற சர்க்கரை மணிகளைக் கோத்த நீண்ட சங்கிலி அது. காரத்திலோ நீராவியிலோ வைக்கோலை இளக்கிவிட்டு, பூஞ்சைகள் சுரக்கும் ஸைலனேஸ் நொதியைச் சேர்த்தால் அது சங்கிலியை இரண்டு, மூன்று, நான்கு மணித் துண்டுகளாக நறுக்கும். அந்தத் துண்டுகள்தான் சரக்கு. இன்னும் வெட்டவிட்டால் எல்லாம் தனித்தனி ஸைலோஸாகி வெறும் சர்க்கரையாகிவிடும். மென்பொருள் எழுதுகிறவனுக்கு இது பழகிய சிக்கல். லூப்பை ஓடவிடுவது சுலபம், சரியான இடத்தில் நிறுத்துவதுதான் பாடு.

இத்தகைய நொதிகளுக்குப் பெயர்பெற்ற ட்ரைக்கோடெர்மா ரீஸை, இரண்டாம் உலகப்போரின்போது சாலமன் தீவுகளில் அமெரிக்க ராணுவத்தின் பருத்தித் துணிகளையும் கூடாரங்களையும் அரித்துக்கொண்டிருந்த பூஞ்சை. அழிக்க வேண்டிய எதிரியாகத்தான் ஆய்வகத்துக்குள் வந்தது, பிறகு வேலையாளாகிவிட்டது. நம் ஊரில் சென்னைப் பல்கலைக்கழகத் தாவரவியல் பேராசிரியர் சி.வி.சுப்பிரமணியன், இந்த வகைப் பூஞ்சைகளை ஒவ்வொன்றாகப் பெயரிட்டு விவரித்து, 1971இல் ஹைஃபோமைசீட்ஸ் பற்றிய பெருநூலை வெளியிட்டார். நாம் 'பூசணம் பிடிச்சிருச்சு' என்று தூக்கிப்போடுவதை அவர் தனித்தனி உயிர்களாகப் பார்த்தார். பெயர் மாறினால் மதிப்பும் மாறுகிறது.

வைக்கோலுக்கு வருவோம். பஞ்சாபில் அது உண்மையிலேயே தொல்லை. நிலத்தடி நீரைக் காக்க 2009இல் வந்த சட்டம் நெல் நடவைத் தள்ளிப்போட்டது. அறுவடைக்கும் கோதுமை விதைப்புக்கும் நடுவே நாட்கள் குறைந்தன. கொளுத்துகிறார்கள். அதே வைக்கோல் தஞ்சாவூரில் மாட்டுத் தீவனம், காளான் படுக்கை. களத்தில் அடித்த தாளை மறுபடி மாடு கட்டிப் போரடித்து, ஒட்டியிருந்த நெல்லையும் எடுத்த ஊர் அது. ஒரே பொருள், ஒரு ஊரில் குப்பை, இன்னொரு ஊரில் சொத்து.

மாட்டின் வயிறே ஒரு நொதித் தொழிற்சாலைதான். அசைபோடும் விலங்குகளின் இரைப்பையில் காற்றில்லாமல் வாழும் பூஞ்சைகள் உண்டு என்று 1975இல் ஆர்ப்பின் ஓர் ஆட்டில் காட்டினார். நாம் உலை வைத்துச் செய்யப்போவதை அவை வைக்கோலைப் பாலாக்கும் வழியில் எப்போதோ செய்து முடித்துவிட்டன.

இன்னொன்றும் கவனியுங்கள். சர்க்கரை ஆலையில் மிஞ்சும் கரும்புச் சக்கையை யாரும் கழிவு என்று அலட்சியமாகச் சொல்வதில்லை. கொதிகலனில் எரிக்கிறார்கள். புகளூரில் அதிலிருந்து காகிதம் செய்கிறார்கள். அங்கே அதன் பெயர் 'உபபொருள்'. ஆலையில் மிஞ்சினால் உபபொருள், வயலில் மிஞ்சினால் கழிவு! கழிவு என்று சொல்லிவிட்டால் பேரம் பூஜ்யத்தில் ஆரம்பிக்கும், அவ்வளவுதான்.

"சரி சார், அதுக்கு விலை கிடைச்சா விவசாயிக்கு நல்லதுதானே?" நல்லதுதான். ஆனால் வைக்கோல் விலை ஏறினால், நிலமில்லாமல் ஒன்றிரண்டு மாடு வைத்துப் பிழைக்கிறவர் வீட்டுக் கணக்கு இடிக்கும். லாபமும் நஷ்டமும் ஒரே தெருவில் இரண்டு வீடுகளில் போய் உட்காரும். மறுமுனையில் நுகர்வோர் நாம். சென்னைக்காரர்களின் கலோரியில் ஏறத்தாழ பாதி தீட்டிய தானியத்திலிருந்து, பெரும்பாலும் வெள்ளை அரிசியிலிருந்து வருகிறது என்று கோபாலபுரத்து நீரிழிவு ஆய்வு மையத்தின் ஆய்வு சொல்கிறது. ரைஸ்மில்லில் தவிட்டை நீக்கச் சொல்வதும் நாம்தான், நாரை டப்பாவில் தேடுவதும் நாம்தான். நம்முடைய இந்தச் சுற்றுவழிக்காக ஒரு மாட்டின் தீவனத்தை எடுக்கலாமா?

என் பதில் இது. நொதியை எதிர்க்க ஒன்றுமில்லை. கொளுத்துகிற இடத்தில் அது வரம். பெரம்பலூர்ப் பக்கம் மக்காச்சோள மணியை உதிர்த்தபின் மிஞ்சும் கட்டையில் ஸைலான் நிறைய இருக்கிறது, மாடு அதை விரும்பித் தின்பதில்லை. அங்கே தொடங்கலாம். வைக்கோலைத் தொடுவதற்கு முன்னால் மட்டும், இப்போது அதைத் தின்பது யார் என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போகலாம்.