அடுப்புக்கல்லும் கருதலளவையும்

இங்கிலாந்தின் டார்ட்மூர் மேட்டுநிலத்தில், ஓடைக்கரைகளை ஒட்டி, வெள்ளீயம் அரித்தெடுத்தோரின் குடிசைகள் இடிந்து கிடக்கின்றன. காரையின்றி அடுக்கிய கருங்கற்சுவர், அடுப்பு, சிலவற்றில் பொருள் வைக்கும் மாடம் ஆகியவையே மிச்சம். அமில மண் எலும்பைக்கூட அரித்துவிடும்.

அவ்வட்டார வெள்ளீயத்தின் மீதான அரச வரி 12ஆம் நூற்றாண்டுக் கணக்கேடுகளிலேயே உண்டு. இன்ன குடிசையில் இன்னார் குளிர் காய்ந்தார் என்ற குறிப்பு அவற்றில் இராது.

புகையைக் கண்டு நெருப்பை அறிவது கருதலளவை. தீயில் வெந்து சிவந்த கல்லைக் கண்டு அடுப்பெரிந்ததை அறிவதும் அதுவே. அதற்கு மேல்தான் சிக்கல். மாடத்தின் உயரம் கையின் எட்டத்தைச் சொல்லும். அந்தக் கை வைத்தது ரொட்டியா, விளக்கா, வழிபடுபொருளா என்று சொல்லாது. பழக்கம் தடயம் விடுகிறது. நம்பிக்கையோ, பெரும்பாலும், விடுவதில்லை. அதனால் நம்பிக்கை இல்லையென்றும் ஆகாது.