அந்திம வேளையை அறிதலும் சேவையே

பாண்டவர் குலத்தில் வந்த பரீட்சித்து மன்னர், ஏழாம் நாள் தமக்கு மரணம் என்பதை அறிந்தார். உடனே அரசைத் துறந்து கங்கைக் கரையில் அமர்ந்தார். அங்கு எழுந்தருளிய சுக முனிவரிடம், இறக்கும் தறுவாயில் இருப்பவன் செய்ய வேண்டியது என்ன என்று கேட்டார். அக்கேள்விக்கு விடையாக மலர்ந்ததே ஸ்ரீமத் பாகவத உபதேசம். முடிவை அறிந்ததால் அவரது கடைசி ஏழு நாட்கள் வீணாகவில்லை.

நம் இல்லங்களில் நடப்பதோ வேறு. சில ஆண்டுகளுக்கு முன், இதயம் மிகவும் பலவீனமடைந்த முதிய பக்தர் ஒருவரைக் காணச் சென்றேன். அந்த ஆண்டில் மூன்றாவது முறையாக மருத்துவமனையிலிருந்து திரும்பியிருந்தார். வாசலிலேயே அவருடைய மகன், "சுவாமிஜி, எல்லாம் சரியாகிவிடும் என்று அப்பாவிடம் சொல்லுங்கள்" என்று கேட்டுக்கொண்டார். நானும் அப்படியே சொன்னேன். மகன் வெளியே சென்றதும் முதியவர் என் கையைப் பற்றிக்கொண்டு, "புறப்படும் நேரம் வந்துவிட்டது என்று எனக்குத் தெரிகிறது. அதைப் பேசத்தான் யாரும் இல்லை. நீங்களுமா, சுவாமிஜி?" என்றார். ஆறுதல் என்று எண்ணி நான் அவரைத் தனிமையில் தள்ளியிருந்தேன்.

இந்த நோயில் முடிவை உணர்வது எளிதன்று. புற்றுநோயில் பெரும்பாலும் இறுதி மாதங்களில் சரிவு தெளிவாகத் தெரியும். இதயச் செயலிழப்பிலோ நோயாளி திடீரென மூச்சுத் திணறி வீழ்வார்; சிகிச்சையில் தேறுவார்; மீண்டும் வீழ்வார். ஒவ்வொரு முறை தேறும்போதும், முன்பிருந்த நிலையைவிடச் சற்றுத் தாழ்ந்தே நிற்பார். பலமுறை பிழைத்தவர் இம்முறையும் பிழைப்பார் என்று குடும்பம் நம்புவது இயல்பே.

எனினும் சில அறிகுறிகள் உண்டு. அடிக்கடி மருத்துவமனையில் சேர்க்க நேர்வது, ஓய்விலும் மூச்சு வாங்குவது, பசி குன்றி உடல் மெலிவது, சிறுநீரகம் தளர்வது, இரத்த அழுத்தம் தாழ்ந்து முன்பு உதவிய மருந்துகளை உடல் ஏற்க இயலாமல் போவது, நாளின் பெரும்பகுதியைப் படுக்கையிலேயே கழிப்பது ஆகியவை அவை. இறுதி நாட்களில் உறக்கம் மிகும்; உணவில் நாட்டம் அறும்; கைகால்கள் குளிரும். ஆனால் நாமே முடிவு கட்டிவிடலாகாது. தொற்று, இரத்தசோகை, இதயத் துடிப்பின் கோளாறு, மருந்தை நிறுத்தியது போன்ற சரிசெய்யத்தக்க காரணங்கள் உள்ளனவா என்பதை மருத்துவரே ஆராய வேண்டும்.

"இவர் ஓராண்டுக்குள் காலமானால் எனக்கு வியப்பாக இருக்குமா?" என்று மருத்துவர்கள் தம்மையே கேட்டுக்கொள்வதுண்டு. நாளைக் குறிப்பதற்கான கேள்வியல்ல அது. நோயாளியுடன் மனம்விட்டுப் பேசும் காலம் வந்துவிட்டதை உணர்த்துவது. மூச்சுத்திணறலையும் வேதனையையும் தணிக்கும் சிகிச்சையை இதய மருந்துகளுடன் சேர்த்தே தரலாம். அது கைவிடுதல் ஆகாது. மின்னதிர்ச்சி தந்து இதயத் துடிப்பைச் சீராக்கும் கருவி நெஞ்சில் பொருத்தப்பட்டிருந்தால், கடைசி நேரத்தில் அது வீணே அதிர்ச்சி தராதபடி நிறுத்திவைப்பது குறித்தும் முன்கூட்டியே பேசலாம். இறுதிக்காலச் சிகிச்சை பற்றிய ஒருவரின் விருப்பத்தை முன்னதாக எழுதிவைக்கும் உரிமையை உச்ச நீதிமன்றம் 2018-இல் ஏற்றது. 2023-இல் அதற்கான நடைமுறையை எளிதாக்கியது.

மறுநாள் அந்த முதியவரிடம் மீண்டும் சென்றேன். இம்முறை எதையும் சொல்லவில்லை; "தங்கள் விருப்பம் என்ன?" என்று கேட்டேன். பூஜையறை தெரியும்படி கட்டிலைப் போட வேண்டும். பல ஆண்டுகளாகப் பேசாதிருந்த தம்பியைப் பார்க்க வேண்டும். இவ்வளவே அவர் விரும்பியது. மகன் கண்ணீருடன் கேட்டுக்கொண்டிருந்தார். அன்று மாலையே தம்பிக்குச் செய்தி போயிற்று.

1885 டிசம்பரில் ஸ்ரீராமகிருஷ்ணர் காசிப்பூர் தோட்ட வீட்டிற்கு அழைத்துவரப்பட்டார். நோய் தீராதது என்று மருத்துவர்கள் கூறியும், 1886 ஆகஸ்டில் அவர் மகாசமாதி அடையும் வரை இளம் சீடர்கள் இரவும் பகலும் முறைவைத்துப் பணிவிடை செய்தனர். குணமாகும் என்ற உறுதி இருந்தால்தான் சேவை என்பதில்லை. ஜீவனைச் சிவனாகக் கண்டு தொண்டு செய்பவன், அந்தச் சிவம் விடைபெறும் வேளையிலும் அருகில் இருக்கிறான்; பொய் சொல்லாமல், கையை விடாமல் இருக்கிறான். அதற்கான துணிவைக் குருதேவர் நம் அனைவருக்கும் அருள்வாராக!