அபயதானமும் சாட்சிக் கூண்டும்

ஆகாரம், ஔடதம், சாத்திரம், அபயம் என்னும் நால்வகைத் தானங்களை நம் இல்லத்துச் சிறுபிள்ளையும் விரல்விட்டுச் சொல்லும். முதல் மூன்றுக்கும் பொருள் ஒதுக்குகிறோம். ஜினாலயத் திருவிழா நாளில் அன்னதானத்திற்கு முந்திக்கொண்டு பெயர் கொடுக்கிறோம். நான்காவதை மட்டும், எவ்வுயிர்க்கும் ஊறு செய்யாதிருத்தல் என்ற அளவோடு நிறுத்திவிட்டோமோ என்னும் ஐயம் நெடுநாளாக நம்மை வாட்டுகிறது. அஞ்சி நிற்பவர் அருகில் போய் நிற்பதும் அபயதானம் அன்றோ?

1980-களில் நாம் ஜெகதாப்பட்டினத்தில் ஆசிரியப் பணியில் இருந்தோம். நம் வகுப்பில் பயின்ற ஒரு சிறுமியின் தந்தை, கடற்கரையில் மூண்ட தகராறு ஒன்றில் அடிபட்டு இறந்தார். கண்ணால் கண்டவர் அவள் தாய் ஒருவரே. வழக்கு புதுக்கோட்டையில் நடந்தது. மீன் விற்றுப் பிழைத்த அந்த அம்மையார், கூடையை இறக்கிவைத்துவிட்டுப் பேருந்துக் கட்டணத்திற்குக் கடன் வாங்கிப் போவார்; வாய்தா என்பார்கள்; திரும்புவார். எதிர்த்தரப்பு உறவினரும் அதே பேருந்தில் வருவர். அதே மரத்தடியில் அமர்வர். ஒருநாள் அவர் பள்ளி வாயிலில் நின்று, "டீச்சரம்மா, அடுத்த வாய்தாவுக்கு ஒரு நாளைக்கு என்கூட வர்றீங்களா? நீங்க ஒண்ணும் பேச வேணாம். பக்கத்துல இருந்தாப் போதும்" என்றார். பொதுத்தேர்வு நெருங்குகிறது என்றோம். அது பொய்யன்று. ஆனால் எடுக்காத விடுப்பு நமக்கு நிறைய இருந்தது. அவர் கூண்டேறி, தாம் எதையும் பார்க்கவில்லை என்று கூறிவிட்டார். பிறழ்சாட்சி என்று எழுதிக்கொண்டனர், வழக்கு தோற்றது.

பொய்யுரைத்தவர் அவர்தாம். ஆயின் அப்பொய்யில் பங்குடையோர் எத்தனை பேர்? செய்தல், செய்வித்தல், உடன்படுதல் என வினையை மூவழியாக வகுத்தது நம் சமயம். தத்துவார்த்த சூத்திரமோ ஹிம்சைக்கு இலக்கணம் கூறுமிடத்துப் பிரமாதத்தை, அதாவது விழிப்பின்மையை, முன்வைக்கிறது. நாம் அவரை அச்சுறுத்தவில்லை. அச்சத்தோடு தனியே அனுப்பினோம். அதை என்னவென்று சொல்வது?

அவரவர் வினை அவரவருக்கு, நாம் இடைபுகலாமோ என்பாரும் நம்மிடையே உண்டு. பசியும் வினைப்பயன்தான். பசித்து வந்தவனிடம் அதைச் சொல்லி இலையை எடுத்துவிடுவாரும் உளரோ?

தருமபுரி மாவட்டத்து வாச்சாத்தியில் 1992 ஜூன் மாதம் 18 மலைவாழ் பெண்கள் அரசு ஊழியராலேயே வன்கொடுமைக்கு ஆளாயினர். விசாரணை நீதிமன்றத் தீர்ப்பு 2011-இல் வந்தது. உயர்நீதிமன்றம் அதை உறுதிசெய்து, ஒவ்வொருவருக்கும் 10 இலட்சம் ரூபாய் வழங்கப் பணித்தது 2023-இல். முப்பத்தொரு ஆண்டுகள்! கன்னிப்பெண்ணாகப் புகார் சொன்னவர் பாட்டியாகித் தீர்ப்புக் கேட்டார். பொள்ளாச்சி வழக்கில், 2019-இல் புகார் கொடுத்த பெண்ணின் பெயரைக் காவல்துறையே வெளியிட்டது. அதற்காக அவருக்கு 25 இலட்சம் வழங்க உயர்நீதிமன்ற மதுரைக் கிளை ஆணையிட்டது. அத்தனைக்குப் பின்னரும் 48 சாட்சிகளில் ஒருவரும் பிறழவில்லை என்று சி.பி.ஐ. தரப்பு வழக்கறிஞர் கூறினார். 2025 மே 13 அன்று ஒன்பது பேருக்குச் சாகும்வரை ஆயுள் தண்டனையும், எட்டுப் பெண்களுக்கு 85 இலட்சம் இழப்பீடும் விதிக்கப்பட்டன. தண்டனையின் நியாயத்தை வேறொரு கட்டுரையில் பார்க்கலாம். அந்தச் சாட்சிகள் பிறழாதிருந்ததையே நாம் நினைந்து வியக்கிறோம்.

சட்டம் மெல்லத்தான் நடந்திருக்கிறது. பாதிக்கப்பட்டோர்க்கு அரசே இழப்பீடு தரும் ஏற்பாட்டை நியூசிலாந்து 1963-இலேயே சட்டமாக்கியது. நம் நாட்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் அதற்கான 357-ஏ பிரிவு 2009 டிசம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. தமிழ்நாட்டின் இழப்பீட்டுத் திட்டம் 2013-இல். தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர் மீதான வன்கொடுமை வழக்குகளில் சாட்சிகளின் பயணச் செலவும் பாதுகாப்பும் 2016 முதல் சட்டப்படியான உரிமை. சாட்சிப் பாதுகாப்புத் திட்டத்தை 2018-இல் உச்சநீதிமன்றம் நாடெங்கும் சட்டமாகவே ஏற்கச் செய்தது. 2024 ஜூலை முதல் நடப்பிலுள்ள புதிய நடைமுறைச் சட்டமோ, ஒவ்வொரு மாநிலமும் அத்தகைய திட்டத்தை வகுத்து அறிவிக்க வேண்டும் என்கிறது. புலனாய்வின் நிலையைத் தொண்ணூறு நாட்களுக்குள் பாதிக்கப்பட்டவருக்குத் தெரிவிக்கவும் வேண்டும். போக்சோ வழக்குகளில் குழந்தையோடு தொடக்கம் முதல் முடிவு வரை உடனிருக்க ஆதரவாளர் ஒருவரை நியமிக்கவும் விதியுண்டு.

குழந்தைக்குத் தந்த அத்துணையை எல்லா வழக்குகளிலும், எவ்வகவையினர்க்கும், கேட்டுப் பெறும் உரிமையாக்கி நம் மாநிலம் ஒரு தனிச்சட்டம் இயற்றினால் என்ன? பணம் தீர்ப்புக்குப் பிறகும் வரலாம். துணை வரவேண்டியது வாய்தா நாளில்.

சிலப்பதிகாரத்தில் நம் கவுந்தியடிகள் காட்டு வழியெல்லாம் கண்ணகிக்குத் துணையாக நடந்து, மதுரையில் மாதரியிடம் அடைக்கலம் தந்தார். ஆயினும் சிலம்போடு அரசவைக்குக் கண்ணகி சென்றது தனியாகத்தான். செய்தி கேட்ட அடிகள் உண்ணாநோன்பிருந்து உயிர் துறந்தார். அக்காதையை வகுப்பில் எத்தனையோ முறை நடத்தியிருக்கிறோம். பள்ளி வாயிலில் நின்ற அம்மையார் அப்போது நம் நினைவுக்கு வந்ததேயில்லை.

திண்டிவனத்திலும் வந்தவாசியிலும் செய்யாற்றிலும் நீதிமன்றங்கள் உள்ளன. ஓய்வுபெற்ற ஆசிரியைகள் நம் குடும்பங்களில் ஏராளம். ஒவ்வொரு மாவட்டத்திலும் சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. அங்கே சென்று, உடன் அமர ஆள் வேண்டுமா என்று கேட்பதற்குக் கட்டணம் இல்லை. விடுப்பு எழுதிக் கொடுக்க வேண்டிய தலைமையாசிரியரும் இப்போது நமக்கு இல்லை.